அத்தானின் குரல் இருந்த பெட்டி

போன வருட வசந்தத்தில் நான் தோடம்பழங்களோடு சண்டை பிடித்துக்கொண்டு திரிந்தேன்.

டொரோண்டோவில், மில்லிக்கன் பக்கம், நாங்கள் மரக்கறி வாங்கும் கடை ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு அன்ரி பையில் தோடம்பழம், அதுதான் ஒரேஞ்சு, போட்டுக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பழத்தை எடுத்து அதில் ஒட்டியிருந்த சின்னத் துண்டைக் காட்டினேன்.

"அன்ரி, உது புளோரிடாப் பழம். எங்கடை நாட்டை விழுங்கப் பாக்கிறவன்ரை பழத்தை நாங்கள் விழுங்கிறதோ?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, எனக்குச் சளி. ரெண்டு நாளா நாக்குச் செத்துப்போய்க் கிடக்கு" என்றார். என் கையிலிருந்த பழத்தையும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த நாட்களில் கனடா முழுக்க அந்தக் கோபம் இருந்தது. தெற்கே அமெரிக்காவில் இருப்பவர்கள் எங்களைத் தங்கள் நாட்டின் இன்னொரு மாநிலமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் பேசாமல் வேறு பழம் வாங்கினார்கள். என்னால் பேசாமல் இருக்க முடியாது. சோஸ் போத்தலைத் திருப்பிப் பார்த்தேன், பிஸ்கட் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன், பிள்ளைகளோடு புளோரிடா போக இருந்த பயணத்தை நிறுத்தினேன். கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருந்தவருக்கும் வகுப்பு எடுத்தேன். ஊருக்குத்தான் உபதேசம். எங்கள் குடும்பத்தின் முழுச் சொத்தையும் ஒரு அமெரிக்கக் கம்பனியின் கையில் கொடுத்துவிட்டு வந்தவன், அந்தக் கடையில் பழத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சொத்து என்று நான் சொல்வது அத்தானின் குரலை.

அத்தான் என் மூத்த அக்காவின் கணவர். ஸ்காபரோவில் தமிழ்ச் சனம் கூடும் கோயில்களில் தேவாரம் என்றால் அவர்தான். சுதிப்பெட்டி வேண்டாம், மைக் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினால் செருப்பு வைக்கும் இடத்தில் நிற்பவரும் கதையை நிறுத்துவார். அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுக்க வேண்டும், அதற்குப் பிறகு சத்தம் வராது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஒப்பரேசனுக்கு மூன்று மாதம் இருந்தது. அந்த மூன்று மாதமும் அத்தான் தினமும் காலையில் போனை முன்னால் வைத்துப் பாடினார். இடையிடையே கதைத்தார். ஆர் ஆருக்கு என்ன முறை, எந்தக் குடும்பம் எந்த நாட்டுக்குப் போனது என்று எல்லாம் சொன்னார்.

அதையெல்லாம் பத்திரப்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. வேறு யாரிடம் வரும்? கம்ப்யூட்டர்க்காரன் நான்தானே. கம்பனிகளின் கோப்புகளையும் கடிதங்களையும் எடுத்து அமெரிக்கக் கிளவுட்டில் ஏற்றிக் கொடுப்பது என் தொழில். அத்தானுக்கும் அங்கேயே ஒரு இடம் திறந்தேன். குடும்பத்தில் எல்லோரும் அதைப் "பெட்டி" என்றார்கள். அவர் போனில் பதியும் எல்லாம் தானாகப் பெட்டிக்குப் போகும். போன இடத்தில் சேர்ந்ததும் போனிலிருந்து அழிந்துவிடும். இடம் மிச்சம் என்று அதையும் நானே செய்து வைத்தேன்.

ஒரு பெட்டி, ஒரு கடவுச்சொல். அது எங்கள் வழக்கம். படம் பார்க்கும் எக்கவுண்ட் ஒன்றை எடுத்தால் அதை ஆறு வீடு பார்க்கும். பெட்டியின் கடவுச்சொல் டொரோண்டோவில் இருந்தவர்களுக்கும், பாரிஸ் மச்சாளுக்கும், சூரிச் சித்தப்பாவுக்கும், லண்டன் மருமக்களுக்கும், யாழ்ப்பாணத்தில் மிஞ்சியிருந்த இரண்டு வீட்டுக்கும் போனது. "ஒருத்தரும் உங்கடை போனிலை இறக்கி வைக்காதையுங்கோ, பெட்டிக்குள்ளை போய்க் கேளுங்கோ, அதுதான் உலகத்திலேயே பாதுகாப்பான இடம்" என்று குடும்ப வட்ஸ்அப்பில் எழுதினேன். பெட்டியில் ஏதும் சிக்கல் வந்தால் குறியீடு ஒன்று அனுப்புவார்கள். அது போவதற்கு அத்தானின் போன் இலக்கத்தைக் கொடுத்தேன்.

கடவுச்சொல் கிடைத்தவர்களில் ஜெர்மனியில் இருக்கும் என் தம்பியும் ஒருவன். வடக்கே ஒரு நகரசபையில் கம்ப்யூட்டர் பகுதியில் வேலை. அவன் மட்டும்தான் வாய் திறந்தான். வட்ஸ்அப்பில் எழுதாமல் மரியாதையாக எனக்குத் தனியே போன் எடுத்தான்.

"அண்ணை, அத்தான்ரை சத்தத்தை ஒரே இடத்திலை வைக்காதைங்கோ. என்ரை வீட்டிலை ஒரு மெசின் வைச்சிருக்கிறன். அதிலை ஒரு பிரதி போட்டு வைக்கட்டோ?"

"ஏன், அமெரிக்காக்காரன் உன்ரை அத்தானைக் கடத்திக்கொண்டு போயிடுவானோ?"

அவன் சிரிக்கவில்லை. தங்கள் நகரசபை அமெரிக்க மென்பொருள்களை ஒவ்வொரு மேசையிலிருந்தும் எடுத்துக்கொண்டிருக்கிறது என்றான். கடிதம், கோப்பு, நாட்காட்டி எல்லாம் தங்கள் கட்டடத்துக்குள் இருக்கும் இயந்திரங்களுக்கு மாறுகின்றன. வேலை செய்பவர்கள் பழகிய பொத்தானைக் காணவில்லை என்று தினமும் அவனை ஏசுகிறார்கள்.

"ஏச்சு வாங்கினாலும் செய்யத்தான் வேணும் அண்ணை. நாளைக்கு அங்கை ஆரோ ஒருத்தன் கோவத்திலை பூட்டினா, எங்கடை ஊரிலை ஒரு பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் குடுக்கேலாது. பாதுகாப்புக்கு அவங்கடை ஆமி, கடிதம் எழுத அவங்கடை கம்ப்யூட்டர். திறப்பு முழுக்க அடுத்த வீட்டுக்காரனிட்டை இருந்தா அது எங்கடை வீடோ?"

"விசர்க் கதை கதையாதை" என்றேன். "உங்கடை ஐரோப்பாக்காரர் ஒரு போத்தல் மூடியைக் கூடப் போத்தலோடை கழலாமல் கட்டி வைச்சிருக்கிற ஆக்கள். அவங்கள் செய்யிற மெசினும் உப்பிடித்தான் இருக்கும். நான் இருவது வருசமா இந்தத் தொழில். நீ தொடாதை."

"சரி அண்ணை" என்றான்.

பிறகு தோடம்பழக் காலம் வந்தது. என் வாடிக்கைக் கம்பனிகளும் கேட்கத் தொடங்கின. எங்கள் கோப்புகள் எங்கே இருக்கின்றன, யார் திறந்து பார்க்கலாம்? "எல்லாம் கனடாவுக்குள்தான் இருக்கிறது" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். கட்டடம் கனடாவில் இருந்தது உண்மை. கட்டடத்தின் சொந்தக்காரன் எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் மேலே கேட்கவில்லை. தம்பி சொன்னது சரி என்று அப்போதே எனக்குத் தெரியும். ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. அதைவிடப் புளோரிடாப் பழத்தை ஏசுவது சுகமாக இருந்தது.

இலை கொட்டும் காலத்தில் அத்தான் போய்விட்டார். ஒப்பரேசனுக்குப் பிறகு, கடைசி ஒன்றரை வருடமும் ஒரு சின்னப் பலகையில் எழுதித்தான் கதைத்தார்.

அன்று காலை மரண அறிவித்தலுக்குப் படம் வேண்டும் என்று யாரோ வட்ஸ்அப்பில் கேட்டார்கள். உடனே எல்லோரும் பெட்டியைத் திறந்தார்கள். டொரோண்டோவில், பாரிசில், சூரிச்சில், லண்டனில், யாழ்ப்பாணத்தில், ஒரே மணித்தியாலத்துக்குள். படம் எடுத்தவர்கள் அப்படியே அவருடைய பாட்டையும் போட்டுக் கேட்டு அழுதிருக்கிறார்கள். எங்களுக்கு அது செத்தவீடு. அமெரிக்கக் கம்பனியின் இயந்திரத்துக்கு அது கள்ளர் கூட்டம். பெட்டி பூட்டிக்கொண்டது.

அக்காவின் மகள் எனக்குக் காட்டினாள். "மாமா, இட் சேஸ் லொக்ட். ஜஸ்ட் ரீசெட் பண்ணுங்கோவன்" என்றாள். அது சின்ன வேலை, தகனம் முடியப் பார்ப்போம் என்றேன். எனக்கு ஆயிரம் ஓட்டம் இருந்தது. மண்டபம், ஐயர், பூ, ஐரோப்பாவிலிருந்து வருபவர்களுக்குப் படுக்கை. ஓடியோடிச் செய்பவன் என்று பெயர் வாங்க வேண்டுமே. தகனம் முடிந்த மறுநாள், அக்காவுக்குக் கரைச்சல் இருக்கக்கூடாது என்று அத்தானின் பெயரில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். போன் லைனையும் நிறுத்தினேன்.

அதற்கு அடுத்த நாள் சமையலறை மேசையில் இருந்து பெட்டியைத் திறக்கப் போனேன். குறியீடு அனுப்பியிருக்கிறோம் என்று வந்தது. எந்த இலக்கத்துக்கு என்று கடைசி இரண்டு எண்ணையும் காட்டியது. முந்தின நாள் நானே நிறுத்திய அத்தானின் இலக்கம்.

போன் கம்பனிக்கு எடுத்துக் கெஞ்சினேன். இறந்தவரின் பெயரில் லைனைத் திரும்பத் தர முடியாது, இலக்கமும் கையை விட்டுப் போய்விட்டது என்றார்கள். பெட்டிக்காரருக்கு எழுதினேன். படிவம் வந்தது. நிரப்பினேன். உங்கள் விளக்கம் போதாது என்று பதில் வந்தது. மரணப் பத்திரத்தை இணைத்து எழுதினேன். எழுத்துப் பிசகாமல் அதே பதில் வந்தது. கதைக்க ஒரு மனிதன் கிடைத்தால் காலில் விழவும் ஆயத்தமாக இருந்தேன். விழுவதற்குக் கால் இல்லை. கம்பனிகளுக்கு நான் ஏற்றிக் கொடுத்த கிளவுட்டின் மறுபக்கம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இறந்து எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, அக்கா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். கண் வீங்கியிருந்தது.

"முப்பத்தோராம் நாள் கல்வெட்டுக் குடுக்கேக்கை அவரின்ரை தேவாரம் ஒண்டு மண்டபத்திலை போடவேணும். ஒப்பரேசனுக்கு முதல்நாள் பாடினதைப் போடு. அந்தச் சத்தத்தை ஒருக்காக் கேட்டாத்தான் என்ரை நெஞ்சு ஆறும்."

கல்வெட்டு என்றால் எங்கள் ஆட்கள் முப்பத்தோராம் நாள் அடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகம். அதற்குப் படமும் வரலாறும் வேறு இடங்களில் தேடலாம். குரலுக்கு எங்கே போவது?

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இலக்கத்தை நான் வெட்டிப்போட்டேன் அக்கா என்று. ஒரு வரி. அந்த ஒரு வரி வரவில்லை. வந்தது வேறு.

"பெட்டி பூட்டிட்டுது அக்கா. ஜெர்மனியிலை இருந்து சின்னவன் நோண்டியிருக்கிறான். தொடாதை எண்டு நான் அப்பவே சொன்னனான், கேட்டாத்தானே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அதைத் தம்பியின் சோற்றில் மறைத்தேன். அவன் தொட்டானா இல்லையா என்று எனக்கு ஒன்றும் தெரியாது. அவன் தூரத்தில் இருந்தான், மரியாதையானவன், திருப்பிக் கதைக்க மாட்டான். அந்த மூன்றும் எனக்கு வசதியாக இருந்தன. சீ, என்ன பிறவி நான்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அத்தான்தானே அவனைப் படிப்பிச்சு அனுப்பினவர்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அவர் தம்பியின் அழைப்பை எடுக்கவில்லை.

செத்தவீட்டுக்கு லீவு கிடைக்காத தம்பி முப்பத்தோராம் நாளுக்கு வந்தான். முதல்நாள் பின்னேரம் விமான நிலையத்தில் நான்தான் ஏற்றினேன்.

"அக்கா என்னோடை கதைக்கிறாவில்லை அண்ணை. செத்தவீட்டுக்கு வரேல்லை எண்டு கோவம் போலை" என்றான்.

நான் கண்ணாடியைப் பார்த்து லேன் மாறினேன். "அப்பிடித்தான் இருக்கும்" என்றேன்.

பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன டிரைவை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தான்.

"பெட்டி பூட்டிட்டுது எண்டு மருமகள் சொன்னவள். இதிலை எல்லாம் இருக்கு. தொட வேண்டாம் எண்டு நீங்கள் சொன்னனீங்கள், நான் எடுத்துப்போட்டன். என்ரை மெசின் ஒவ்வொரு நாளும் தன்ரைபாட்டிலை ஒரு பிரதி எடுக்கும். குறை நினைக்காதைங்கோ அண்ணை. நீங்களே அக்காட்டைக் குடுங்கோ. திருப்பி எடுத்திட்டன் எண்டு சொல்லுங்கோ, அவ்வளவுதான்."

அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். கார் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தி இறங்கி அவன் கையைப் பிடித்திருக்க வேண்டும். "சரி, பாப்பம்" என்றேன்.

அடுத்த நாள் காலை மண்டபத்தின் கார்த் தரிப்பிடத்தில் தனியே இருந்து ஒப்பரேசனுக்கு முதல்நாள் பாடினதைப் போட்டேன். பெட்டி செய்து கொடுத்த நான் அதற்குள் இருந்த ஒரு பாட்டைக்கூட அதுவரை முழுக்கக் கேட்டதில்லை. பாட்டு முடிந்தது. நிறுத்தக் கை போனது. இருமல் கேட்டது, தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அத்தான் கதைத்தார்.

கேட்டு முடித்துவிட்டுக் கதவைத் திறக்காமல் இருந்தேன். ஐயர் வந்து இறங்குவதும், யாரோ சாப்பாட்டுச் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு போவதும் தெரிந்தன. பாட்டு முடிந்த இடத்தில் நிறுத்திவிடலாம், பிறகு என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது என்று முடிவு செய்துகொண்டு உள்ளே போனேன்.

கிரியை முடிந்து, கல்வெட்டுக் கொடுத்து, பாட்டைப் போட்டேன். மண்டபத்தில் பிள்ளைகள்கூட அசையவில்லை. அக்கா முதல் வரிசையில் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு கேட்டார். பாட்டு முடிந்த இடத்தில் நிறுத்தினேன். அக்கா எழும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"பூட்டிக் கிடந்ததை அமெரிக்காக்காரனோடை சண்டை பிடிச்சு என்ரை தம்பிதான் எடுத்துத் தந்தவன். கூடப் பிறந்தால் இப்பிடிப் பிறக்கவேணும்."

சனம் தலையாட்டியது. நான் தலையைக் குனிந்தேன். அதை அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

பந்தி தொடங்கியது. தம்பி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு சோறு பரிமாறினான். அக்கா இருந்த மேசைக்கு வந்து குனிந்தான். அக்கா இலையின் மேல் கையைக் குறுக்கே வைத்தார். அவனைப் பார்க்கவில்லை. வேறொருத்தியைக் கூப்பிட்டுச் சோறு போடச் சொன்னார். தம்பி அகப்பையோடு ஒரு கணம் நின்றான். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த மேசைக்குப் போய் "போடட்டோ அங்கிள்?" என்று கேட்டான்.

அதை என்னால் பார்க்க முடியவில்லை. எழும்பி மடிக்கணினி இருந்த இடத்துக்குப் போனேன். மைக் பக்கத்திலேயே இருந்தது. அதை எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. நிறுத்திய இடத்திலிருந்து அத்தானைப் போட்டுவிட்டேன்.

இருமல். தண்ணீர். பிறகு கரகரத்த அந்தக் குரல்.

"நாளைக்குப் பிறகு சத்தம் வராது. ஒரு விசயம் சொல்லவேணும். இதுகளிலை ஒரு பிரதி உன்ரை வீட்டிலை எடுத்து வை எண்டு சின்னவனுக்கு நான்தான் சொன்னனான். பெரியவனுக்குச் சொல்லேல்லை. சொன்னா ரோசப்படுவான். அவன் நல்ல பிள்ளை, எல்லாருக்கும் ஓடுவான். தான் பிழைவிட்டன் எண்டு மட்டும் அவன்ரை வாயிலை வராது. உதுக்காக ஒருத்தரும் அவனோடை கோவிக்காதையுங்கோ."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் இலையில் நின்றன. பெரியவன் நான்தான் என்பது அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். அத்தான் சொன்னது பொய்யில்லை என்பதை நான் அந்த நிமிடமும் காட்டிக்கொண்டு நின்றேன். என் பிழையைச் சொல்ல, குரல்வளையை வெட்டிக் கொடுத்துவிட்டுச் செத்துப்போன மனிதனைக் கூப்பிட்டிருந்தேன்.

அக்கா எழும்பி வந்தார். தம்பியும் சோற்று வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தான்.

"அப்ப இவன் பூட்டேல்லையோ? ஆர் பூட்டினது?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

"அமெரிக்காக்காரன் அக்கா" என்றேன்.

வெட்கம் கெட்டவன். அப்போதும் அதுதான் வந்தது. தம்பி என்னைப் பார்த்தான். அவன் தொழில்காரன். பூட்டினால் குறியீடு வரும், குறியீடு ஒரு போனுக்கு வரும் என்று அவனுக்குத் தெரியும். அந்த போன் என்ன ஆனது என்றும் அந்த ஒரு பார்வையில் விளங்கிக்கொண்டான். தன் மீது நான் என்ன பழி போட்டேன் என்றும் விளங்கிக்கொண்டான். பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னான்.

"ஓம் அக்கா. அவங்கள் அப்பிடித்தான். அண்ணை என்ன செய்யிறது?"

அவன் என்னைத் திட்டியிருந்தால் நான் எதிர்த்துக் கத்தித் தப்பியிருப்பேன். அவன் எனக்குப் பரிந்து பேசினான். அது தாங்கவில்லை.

"இல்லை அக்கா" என்றேன். "பூட்டினது அவங்கள்தான். ஆனால் திறந்திருக்கலாம். திறக்கிற குறியீடு அத்தான்ரை போனுக்குத்தான் வரும். அந்த லைனை வெட்டினது நான். சின்னவனிலை பழியைப் போட்டதும் நான். அவன் ஒண்டும் செய்யேல்லை. இண்டைக்கு நீங்கள் கேட்ட சத்தமும் அவன் கொண்டந்தது."

அக்கா என்னை ஏசுவார் என்று நின்றேன். எல்லோர் முன்னாலும் அடித்தாலும் வாங்கியிருப்பேன். அவர் தம்பியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இருவத்திமூண்டு நாள்" என்றார். "அவர் செத்த துக்கத்தை நான் இவனோடை ஒரு சொல்லுக் கதைச்சு அழேல்லையடா."

தம்பி கீழே வைத்த வாளியைத் தூக்கிக்கொண்டு நான் பந்திக்குப் போனேன்.